பர்மிஷன் வராத காடும் அம்மா போகும் தோட்டமும்

கேள்வி: வணக்கம் மேடம். கம்பம் பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். எம்.எஸ்சி. விலங்கியல் முடித்து பிஎச்.டி. சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. பெரியாறு, மேகமலை இரண்டு காடுகளிலும் மலையணில்களின் எண்ணிக்கை, உணவு, கூடு, மரபணு வேறுபாடு என்பது தலைப்பு. கேரளாவில் அனுமதி கிடைக்க ஏழு மாதம் ஆனது. தமிழ்நாட்டில் விண்ணப்பித்துப் பதினோரு மாதம் ஆகியும் வரவில்லை. திட்டத்தில் தரும் உதவித்தொகை ஐந்து மாதமாக நிற்கிறது. கைடு ‘பொறுமையா இரு’ என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. அப்பா குத்தகைக்குத் திராட்சை போடுகிறார். ‘அணில் எண்ணத்தான் இவ்வளவு படிச்சியா’ என்று கேட்கிறார். அம்மா தினமும் ஜீப்பில் கம்பமெட்டு ஏறிக் கேரளப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். ‘மரத்துல கிளை கழிச்ச வருஷமெல்லாம் அணிலு தரையில எறங்கி ஓடும், நாய் புடிச்சிரும்’ என்று ஒருநாள் சொன்னார். என் படிப்பைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். பேசாமல் விலகி, பி.எட். சேர்ந்துவிடலாமா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். பர்மிஷன், பணம், கைடு, கல்யாணம் என்று நீங்கள் எழுதியதெல்லாம் நியாயமான கவலைகள்தான், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஆனால் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அம்மா சொன்ன அந்த ஒரு வரி, அதுதான் உங்கள் பிஎச்.டி. இரண்டு வருடமாக நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் கேள்வியை உங்கள் அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

முதலில் இப்போதைய தலைப்பைப் பார்ப்போம். எண்ணிக்கை, உணவு, கூடு, மரபணு. இரண்டு மாநிலம், இரண்டு புலிகள் காப்பகம். இது ஒரு ஆள் செய்யும் வேலை இல்லை, நான்கு பேர் பத்து வருடம் செய்ய வேண்டியது. மரபணுவுக்கு முடியோ எச்சமோ சேகரிக்க வேண்டும், அதற்குத் தனி அனுமதி, தனி ஆய்வகம், தனிச் செலவு. இப்படித் தலைப்பு வைப்பதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. திட்டப் பணம் கேட்டு எழுதும்போது எல்லோரும் இப்படித்தான் பெரிதாக எழுதுவோம். அப்புறம் அதை உட்கார்ந்து வெட்டுவது கைடின் வேலை. அவர் செய்யவில்லையென்றால் நீங்களே வெட்டி எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைக்க வேண்டியதுதான்.

பர்மிஷன் விஷயம். சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழைய 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின் கீழ் அந்தந்த மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தர வேண்டும். ஒரே மலைத்தொடர், ஒரே அணில். இருந்தாலும் திருவனந்தபுரத்தில் ஒரு கோப்பு, சென்னையில் ஒரு கோப்பு. எல்லையில் வேலை செய்கிற எல்லா மாணவர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. நான் பரம்பிக்குளம் பக்கம் கருமந்திக் குரங்குகளை ஆய்வுக்காகப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் காடு கேரளத்தின் காடு, ஆனால் அதற்குச் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக நம் பக்கத்திலிருந்துதான். அனுமதி ஒரு மாநிலத்தில், வழி இன்னொரு மாநிலத்தில். இரண்டு செக்போஸ்ட்டிலும் இரண்டு தாள் காட்டிப் போவேன். ஒரு தாளின் தேதி முடிந்துவிட்டால் இன்னொன்றும் உபயோகம் இல்லை. அப்படி என் முதல் வருடத்தில் ஒன்பது மாதம் போனது.

அதிகாரிகளைத் திட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்கள் ஊர்க்காரர்களுக்கு 2023 மே மாதத்தை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஏப்ரல் கடைசியில் சின்னக்கானலில் கேரள வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் யானை, ஒரு மாதத்துக்குள் கம்பம் ஊருக்குள் நடந்து வந்தது. ஜூன் மாதம் தமிழ்நாடு வனத்துறை அதை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனது. அந்த மாதிரி வாரங்களில் ஒரு ரேஞ்சருக்குத் தூக்கமே கிடையாது, உங்கள் அணில் விண்ணப்பம் மேசையில் அடியில்தான் கிடக்கும். இதைப் புரிந்துகொண்டு நடந்தால் வேலை நடக்கும். கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று தொலைபேசியில் கேட்காதீர்கள், நேரில் போங்கள். மேகமலைப் பக்கம் உங்கள் இடம் வரும் ரேஞ்சரை ஒரு தடவை பார்த்து, என்ன செய்யப் போகிறேன், என்ன செய்ய மாட்டேன் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். ‘பிடிக்க மாட்டேன், தொட மாட்டேன், பைனாகுலரில் பார்ப்பேன், இருட்டுமுன் வெளியே வந்துவிடுவேன்’ என்று தெளிவாக இருக்கட்டும். கருத்துக் கேட்டுக் கோப்பு கீழே வரும்போது அவருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்கும்.

ஆனால் அதற்காகக் காத்திருந்து இன்னொரு வருடத்தை இழக்க வேண்டாம். அம்மா சொன்ன வரிக்கு வருகிறேன்.

ஏலக்காய்ச் செடிக்கு நிழல் வேண்டும், அதிக நிழலும் ஆகாது. தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்கு முன், சித்திரை வைகாசியில், நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழித்துவிடுவார்கள். இல்லையென்றால் மழையில் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் காய் அழுகும். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இப்போது அணிலின் பக்கம் வாருங்கள். மலையணில் மரத்திலேயே பிறந்து, மரத்திலேயே தின்று, மரத்திலேயே தூங்கும் பிராணி. தரை அதற்கு ஆபத்தான இடம். இலைக்கூரை தொட்டுக்கொண்டிருக்கும் வரை கிளை வழியே போகும், இடைவெளி வந்தால் தாவும், தாவ முடியாத இடைவெளி வந்தால்தான் இறங்கும். ஆக, கிளை கழிப்பதற்கு முன் ஒரு நிலை, கழித்த பின் ஒரு நிலை. அணிலின் பாதை ஒரே வாரத்தில் துண்டாகிறது. அதன் பிறகு அது என்ன செய்கிறது? எந்த மரத்தை விட்டுவிடுகிறது? எத்தனை முறை தரையில் இறங்குகிறது? கூட்டை மாற்றுகிறதா? மழைக்காலத்தில் கிளை மறுபடி தழைத்து மூடும்போது திரும்பி வருகிறதா?

இது சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஒரு விலங்கின் வாழிடத்தை மனிதர்கள் வருடா வருடம் தேதி வைத்து மாற்றுகிறார்கள், அதற்கு முன்னும் பின்னும் அளக்க உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. சோதனை செய்ய நீங்கள் ஒரு கிளையைக்கூட வெட்ட வேண்டாம், தோட்டக்காரர்களே வெட்டுகிறார்கள். இந்த மாதிரி அமைப்பு ஆராய்ச்சியாளருக்குச் சுலபத்தில் கிடைக்காது.

இதற்குப் புலிகள் காப்பகத்துக்குள் நீங்கள் நுழைய வேண்டியதே இல்லை. தோட்டக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பகுதி வனத்துறை அலுவலகத்துக்கும் பல்கலைக்கழகக் கடிதத்தோடு ஒரு தகவல் கொடுத்துவிடுங்கள், கேமராவும் பைனாகுலருமாகச் சுற்றும் ஆளை யாரும் சந்தேகப்படக் கூடாது. கையில் இருக்கும் கேரள அனுமதியைப் பெரியாறு ஓரத்தில் ஒன்றிரண்டு இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம், கிளை வெட்டாத காடு எப்படி இருக்கிறது என்று ஒப்பிட. மேகமலை அனுமதி வந்தால் நல்லது, வராவிட்டாலும் ஆய்வு நிற்காது.

செய்முறையில் சில விஷயங்களை இப்போதே சரியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் இவற்றைத் தப்பாகச் செய்து வருடங்களை இழந்தவள். கிளை கழிக்கும் தோட்டங்களை மட்டும் பார்த்தால் போதாது, அந்த வருடம் கழிக்காத தோட்டங்களும் வேண்டும். இல்லையென்றால் அணில் நகர்ந்தது வெட்டினதாலா, மழை வந்ததாலா, பலா பழுத்து முடிந்ததாலா என்று யாராவது கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. கூடுகளை எண்ணி அணில்களின் எண்ணிக்கை என்று எழுதாதீர்கள், ஒரே அணில் பல கூடுகள் கட்டும். ஒரே அணிலைப் பத்து நாள் பார்த்து எழுதிய நானூறு குறிப்புகள் நானூறு அணில்கள் ஆகாது. இந்தத் தவறுக்குச் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984இல் ‘போலிப் பிரதி’ (pseudoreplication) என்று ஒரு பெயரே வைத்து எழுதினார், இன்றைக்கும் பாதி ஆய்வேடுகள் அதில்தான் விழுகின்றன. தோட்டம்தான் உங்கள் அலகு. ஆகவே குறைந்த நேரத்தில் நிறையத் தோட்டங்கள் என்று திட்டமிடுங்கள். ஒரு தனி விலங்கைத் தொடர்ந்து பார்க்கும் முறைகளை விலங்கு நடத்தை ஆய்வாளர் ஆல்ட்மன் 1974இல் ஒழுங்குபடுத்தி எழுதிய கட்டுரையைக் களத்துக்குப் போகுமுன் ஒரு முறையும், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும் படியுங்கள். இரண்டாவது முறைதான் புரியும்.

காலையிலும் மாலையிலும்தான் மலையணில் சுறுசுறுப்பாக இருக்கும். மத்தியானம் கிளையில் வயிறு பதியக் குப்புறப் படுத்து, கால்கள் நான்கும் இருபுறமும் தொங்கத் தூங்கும். அந்த நேரத்தில் மரங்களை அளந்துகொள்ளுங்கள். சாப்பிடும்போது கவனித்திருப்பீர்கள், பின்னங்கால் இரண்டையும் கிளையில் ஊன்றி, உடம்பைக் கிளைக்குக் குறுக்காக வைத்து, ஒரு பக்கம் தலையும் கையும், மறுபக்கம் அந்தப் பெரிய வாலும் தராசு மாதிரி தொங்கும். கிளையின் கனம் போதவில்லையென்றால் அப்படி உட்கார முடியாது. எந்தக் கனத்தில் கிளைகளை விட்டு வைக்கிறார்கள் என்பதும் உங்கள் தரவில் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை அளக்க மரம் ஏற வேண்டியதில்லை, வெட்டிக் கீழே போட்ட கிளைகளை நாடாவால் அளந்தாலே போதும்.

பென்சிலில் எழுதுங்கள். சிரிக்காதீர்கள். பரம்பிக்குளத்தில் ஒரு ஆடி மாதம், பதினோரு நாள் குறிப்புகளை நல்ல நீலப் பேனாவில் எழுதி வைத்திருந்தேன். பன்னிரண்டாவது நாள் ஓடையைத் தாண்டும்போது பை நனைந்தது. நோட்டைத் திறந்தால் பக்கமெல்லாம் நீலம், ஒரு எழுத்து இல்லை. பாறையில் உட்கார்ந்து அழுதேன். என்னோடு வந்த காடர் இனத்து வாட்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து வருகைப் பதிவு எழுதும் துண்டுப் பென்சிலை எடுத்து, கத்தியால் முனை சீவி, என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அந்தப் பதினோரு நாளும் எந்தக் கூட்டம் எந்த மரத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். எல்லாம் நினைவில் வைத்திருந்தார். அதை நான் தரவாகச் சேர்க்கவில்லை, அது முறையில்லை. ஆனால் எந்த நாளில் எங்கே தேட வேண்டும் என்பதை அதன் பிறகு அவரிடம்தான் கேட்டேன்.

உங்கள் அம்மாவும் அப்படி ஒருவர். எத்தனை வருடமாக அந்த மரங்களுக்கு அடியில் குனிந்து காய் எடுக்கிறார்? அவரிடமும் ஜீப்பில் வரும் மற்ற அக்காக்களிடமும் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டத்தில் அணில் அதிகம், எந்தத் தோட்டத்தில் நாய் வைத்திருக்கிறார்கள், எந்த முதலாளி கிளையை மொட்டையாகக் கழிப்பார், யார் கொஞ்சம் விடுவார். வெளியூரிலிருந்து வரும் ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு இந்தத் தகவல் திரட்டவே ஒரு வருடம் ஆகும். கொஞ்சம் மலையாளமும் உங்களுக்குக் காதில் பழகியிருக்கும். ஆய்வேட்டில் நன்றி சொல்லும் பக்கத்தோடு நிறுத்தாமல், அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே உள்ளே எழுதுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஏலத்தில் மருந்து அடிப்பது அதிகம். மருந்து அடித்த நாளிலும் அடுத்த சில நாட்களிலும் அந்தத் தோட்டத்துக்குள் போகாதீர்கள், அட்டவணையை அதற்கேற்ப மாற்றுங்கள். யானை நடமாட்டம் இருக்கும் இடங்களில் வெளிச்சம் நன்றாக வந்த பிறகே இறங்குங்கள், தனியாகப் போகவே வேண்டாம். காய்ச்சல் வந்தால் காட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறேன், உண்ணி கடித்திருக்கிறது என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்கள் அதற்கான பரிசோதனையைச் செய்வார்கள். அட்டை கடிப்பது பெரிய விஷயமில்லை. கழிப்பறைதான் பெரிய விஷயம், அதை யாரும் எழுதுவதில்லை. தண்ணீர் குடிக்காமல் நாளெல்லாம் இருந்து சிறுநீர்த் தொற்று வாங்கிய பெண் மாணவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும், நானும் ஒருத்தி. மாதவிலக்கு நாட்களில் ஓய்வெடுக்க யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அந்த நாட்களில் தரவைக் கணினியில் ஏற்றுங்கள். அந்த வேலையும் குவிந்துதான் கிடக்கும். வெளியே இருப்பவர்களுக்கு இந்தப் படிப்பு என்றால் காட்டில் திரிவது. உண்மையில் பாதிக்கு மேல் எக்செல்லோடும் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளோடும் ஓர் அறையில் உட்கார்ந்திருப்பது.

பணம். ஐந்து மாதம் தாமதம் என்பது கொடுமைதான், ஆனால் அசாதாரணம் இல்லை. திட்டத்தின் செலவுக் கணக்குச் சான்று போகாவிட்டால் அடுத்த தவணை வராது. பல சமயம் அது பல்கலைக்கழக நிதிப் பிரிவிலேயே கிடக்கும், போய்க் கேளுங்கள். அதைவிட முக்கியம், திட்டத்தை நம்பி இருக்காதீர்கள். சிஎஸ்ஐஆர்–யுஜிசி நெட் தேர்வை உயிர் அறிவியலில் எழுதுங்கள். ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023இலிருந்து மாதாமாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலை உதவித்தொகை ஆனால் 42,000. பணம் உங்கள் பெயரில் வரும், கைடின் திட்டத்தோடு முடிந்துவிடாது. களச் செலவுக்கு ரஃபோர்டு அறக்கட்டளையின் சிறு நல்கைக்கு விண்ணப்பிக்கலாம், இந்த மாதிரிச் சின்ன, நேரடிப் பயன் உள்ள கேள்விகளை அவர்கள் விரும்புவார்கள்.

பயன் என்றேன் அல்லவா, அப்பாவுக்கு அதுதான் பதில். வால்பாறையில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய பாலங்களில் சிங்கவால் குரங்குகள் கடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். அவை எங்கே இறங்குகின்றன என்று யாரோ பொறுமையாக எழுதி வைத்ததால்தான் எங்கே பாலம் கட்டுவது என்று தெரிந்தது. எந்தக் கிளையை விட்டுவைத்தால் ஏலத்துக்கு வெளிச்சமும் கிடைக்கும், அணிலுக்கு வழியும் இருக்கும் என்று உங்கள் ஆய்வால் சொல்ல முடிந்தால், அதைத் தோட்டக்காரர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். அப்பா விவசாயி. திராட்சைக்குக் கவாத்து செய்கிற மனிதர். எந்தக் கொம்பை வெட்டுவது, எதை விடுவது என்று தினமும் யோசிப்பவரிடம் இந்தக் கேள்வியைச் சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில், ‘அணில் எண்ணுகிறேன்’ என்றால் புரியாதவர்களுக்குக் ‘கிளை வெட்டினால் என்ன ஆகிறது என்று பார்க்கிறேன்’ என்றால் உடனே புரியும்.

கல்யாணத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டும் என்று யாராவது சொன்னால் விதியைக் காட்டுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்கு அதிகபட்சம் ஆறு வருடம், பெண்களுக்கு மேலும் இரண்டு வருடம் வரை நீட்டிப்பு உண்டு, பேறுகால விடுப்பு 240 நாள் வரை உண்டு. வரும் மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே ஆய்வு முடியும் வருடத்தைச் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

விலகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பி.எட். படித்து ஊரில் நல்ல உயிரியல் ஆசிரியர் ஆவது இதைவிடக் குறைந்த வேலை இல்லை. இந்தத் துறையில் நிரந்தர வேலைகள் கொஞ்சம்தான். புலிகள் காப்பகங்களில் உயிரியலாளர் பணி பெரும்பாலும் ஒப்பந்தத்தில், தொண்டு நிறுவனங்களில் திட்டம் இருக்கும்வரை, கல்லூரிகளில் நீண்ட வரிசை. இதைத் தெரிந்துகொண்டே இருங்கள். கைடு உங்களை அவமானப்படுத்தினாலோ, தன் சொந்த வேலைக்கு உங்களை அனுப்பினாலோ, உங்கள் தரவைத் தன் பெயரில் எழுதினாலோ, ஒரு நாள்கூட யோசிக்காமல் கைடை மாற்றக் கேளுங்கள், முடியாவிட்டால் விலகுங்கள். என்னுடைய முதல் கைடு ஒரு வருடம் நான் கொடுத்த எதையும் படிக்கவில்லை. நான் மாற்றிக்கொண்டேன், வானம் இடிந்து விழவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ‘பொறுமையா இரு’ என்கிறார், அவ்வளவுதான். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கலாம். இரண்டு பக்கத்தில் புதிய கேள்வி, தோட்டங்களின் பட்டியல், மாத வாரியான திட்டம் என்று எழுதிக்கொண்டு போய் வையுங்கள். தலைப்பைச் சுருக்க டாக்டரல் கமிட்டி ஒப்புதல் வேண்டும், ஆய்வுச் சுருக்கம் கொடுப்பதற்கு முன் இது நடக்கிற காரியம்தான். ஒரு வருடம் இதைச் செய்து பாருங்கள். அப்போதும் விலக வேண்டும் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

இப்போது மாசி முடியப் போகிறது. கிளை கழிக்க மரம் ஏறுவதற்கு முன் உங்களுக்கு இரண்டு மாதம்கூட முழுசாக இல்லை. முன் நிலையை இந்த வருடம் அளக்காமல் விட்டால் அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டும். அதனால் கமிட்டிக்குக் காத்திராமல் இந்த வாரமே நான்கு தோட்டங்களில் மரங்களுக்கு எண் போட ஆரம்பித்துவிடுங்கள். எந்தத் தோட்டத்தில் எப்போது மரம் ஏறுகிறார்கள் என்று இன்று ராத்திரி அம்மா வந்ததும் கேளுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு கேளுங்கள், விடிகாலை ஜீப்புக்கு எழுந்தவர்.

அன்புடன்,
உங்கள் அக்கா